காற்றாலை வந்த கதை: வரிச் சலுகை யாருக்குக் கிடைச்சது?



ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியா பஸ்ஸில் போனவர்கள் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். காத்து அங்கே எந்தக் காலத்திலும் அடிச்சுக்கிட்டுதான் இருந்தது. 1990-களில் மட்டும் காற்றாலைகள் பெருகியது ஏன்?

1986-இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் அரசு முதலில் காற்றாலை நிறுத்திப் பார்த்தது. பிறகு தனியாரை இழுக்க, மத்திய அரசு வருமான வரியில் ஒரு சலுகை தந்தது. எந்த மிஷினும் வருஷா வருஷம் தேயும். அந்தத் தேய்மானத்தைக் கம்பெனிகள் லாபத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கும். காற்றாலைக்கோ முழு விலையையும் முதல் வருஷமே கழிக்கலாம் என்றார்கள். உதாரணமா, 1 கோடிக்கு வாங்கினால், வரி நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொண்டால், அந்த வருஷம் 40 லட்சம் கையில் நிற்கும். பஞ்சாலைக்காரர்கள் நிறைய பேர் வாங்கினார்கள்.

ஆனா, வரி கட்டுகிறவருக்குத்தானே வரிச் சலுகை? வருமான வரியே கட்டாத ஊராட்சிக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை.

அப்படியும் ஓர் ஊராட்சி துணிந்தது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை, 2006-இல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பு சுமார் 40 லட்சம். மீதி வங்கிக் கடன். ஊர்த் தேவை போக மிச்ச கரண்டை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனைக் கட்டினார்கள். சேமிப்பைக் காட்டிக் கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்டும் நம்ம குழு வழியேதான்!

சலுகையை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? 2012-இல் அந்த வரிச் சலுகையும், யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகையும் நின்றன. அடுத்த வருஷம் நாட்டில் புதுக் காற்றாலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2014-இல் சலுகை திரும்பியது. 2017-இல் நூற்றுக்கு 40 ஆகச் சுருங்கியது.

நமக்கு நேராக உதவுவது பொருள் மேல் உள்ள வரி குறைவதுதான். சோலார் சாதனங்களுக்கு ஜி.எஸ்.டி. 2017-இல் 5 சதவீதம். 2021-இல் 12 ஆனது. 2025 செப்டம்பரில் மறுபடி 5. 1 லட்ச ரூபாய் பொருளுக்கு 7,000 ரூபாய் மிச்சம்.

ஆகவே சகோதரிகளே, சோலார் போடச் சொல்லி யாராவது வந்தால் மூணு கேள்வி கேளுங்க: இந்தச் சலுகை வரி கட்டுகிறவருக்கா, நமக்கா? மாசத் தவணை எவ்வளவு? சலுகை நின்றாலும் கரண்ட் மிச்சத்தில் அதைக் கட்ட முடியுமா? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.