முத்திரைத்தாளும் நியாயாசனமும்



விடியுமுன் சிலமலையிலிருந்து ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் சகோதரிகளை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் கணவனால் கைவிடப்பட்டவர்களும் உண்டு. பெரியவர்கள் பேசி முடித்து எழுதிக்கொடுத்த முத்திரைத்தாளை நம்பி, தன் திருமணம் தீர்ந்துபோயிற்று என்று எண்ணியிருப்பவளும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு அவள் கொடுக்கும் விலையை அறிய, சட்டத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பாருங்கள்.

1869-ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு இந்திய விவாகரத்துச் சட்டத்தை இயற்றியது. மனைவி விபச்சாரம் செய்தாள் என்று மெய்ப்பித்தால் கணவனுக்கு விடுதலை கிடைத்தது. மனைவிக்கோ அது போதவில்லை. விபச்சாரத்தோடு கொடுமையையோ, இரண்டாண்டுக் கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அடிபட்டு வாழ்ந்தவள் பிரிந்திருக்க அனுமதி பெறலாம். கட்டு மட்டும் அவிழாது. அவளுக்குரிய இடைக்கால ஜீவனாம்சமும் கணவனுடைய நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

இங்கிலாந்து 1923-இல் இந்த வேற்றுமையை நீக்கிக்கொண்டது. நம் நாட்டிலோ அது நீடித்தது. இறுதியில் நம் மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தின் கிறிஸ்தவப் பெண்கள் உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். கொடுமையோ கைவிடுதலோ தனித்தே போதுமான காரணம் என்று 1995-இல் தீர்ப்பு வந்தது. 2001-இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி, இருபாலருக்கும் ஒரே அளவுகோலை வைத்தது. மனமொத்துப் பிரியும் வழியைத் திறந்தது. ஐந்தில் ஒரு பங்கு என்ற வரம்பையும் நீக்கியது. இதற்கு 132 ஆண்டுகள் சென்றன.

ஆயினும் ஒன்று மாறவில்லை. கிறிஸ்தவத் திருமணத்தைச் சட்டப்படி முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. ஊர்ப் பஞ்சாயத்துக்கு அது இல்லை. திருச்சபைக்கும் இல்லை என்று உச்சநீதிமன்றம் 1996-இல் கூறிற்று. எனவே முத்திரைத்தாள் எழுதிய பின்னும் அவள் மனைவியே. அவன் வேறொருத்தியை மணந்தால் அது செல்லாது.

இதிலுள்ள கண்ணியையும் கவனியுங்கள். மனைவி விவாகரத்துப் பெறாமலே ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் அவளுக்கு அது இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது. சமாதானத்துக்காக அவள் இட்ட கையொப்பமே அவளுக்கு எதிராக நீட்டப்படக்கூடும். ஆயினும் பிள்ளைகளின் உரிமை அந்தக் கையொப்பத்தால் அழிவதில்லை. அவர்களுடைய பராமரிப்பைத் தகப்பனிடம் தனியே கேட்கலாம். அவர்கள் யாரிடம் வளர வேண்டும் என்பதை அவர்கள் நலனைக் கொண்டே நீதிமன்றம் தீர்மானிக்கும்.

லூக்கா 18-இல் வரும் விதவையை நினைவுகூருங்கள். அவள் ஓயாமல் நியாயாதிபதியின் வாசலுக்குச் சென்றாள். ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, நமக்கு முன்மாதிரியாக நிறுத்தினார். நாமோ பல வேளைகளில் அத்தகையவளிடம், “பொறுத்துக்கொள், ஜெபம்பண்ணு” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டோம். போதகர்களாகிய நாங்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர்.

குடும்பங்கள் ஒப்புரவாக வேண்டும் என்பதே நம் முதல் ஜெபம். அது கைகூடாத வீட்டில் வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையொப்பமிடும்படி எவரையும் நெருக்காதிருங்கள். ஆலயத் திருமணப் பதிவேட்டிலிருந்து சான்று பெற உதவுங்கள். வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தேனியிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அவளோடு ஒருவர் துணையாகச் செல்லுங்கள். ஒரு நாள் கூலியை இழந்து அந்த விதவையைப்போல் அவள் தனியாக அந்த வாசலில் நிற்க வேண்டியதில்லை.

நீதியின் தேவன் நம் குடும்பங்களைக் காப்பாராக. ஆமென்.