பர்ன் அவுட்டும் உடம்பு வலியும்

வேலை ஆளையே எரித்துவிடும் நிலைக்கு 1974ல் 'பர்ன் அவுட்' என்று பெயர் வைத்தவர் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். தீராத சோர்வு, வேலைமேல் வெறுப்பு, திறன் குறைவு... 2019ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அடையாளங்கள் இவை.

எங்கள் பக்கத்துக் கூலிக்காரர்கள் அலுப்பையும் 'உடம்பு வலி' என்றுதான் சொல்வார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றியும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பலர் தினக்கூலிகள். உடம்பு வலிக்காகக் குடித்தார்கள் என்றே உறவினர்கள் சிலர் சொன்னார்கள்.

இதற்கு மருந்து ஓய்வுதான். 1923 மே 1ல் சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட சட்டத்திருத்தம் எதிர்ப்பால் வாபஸானது. நல்லதுதான். ஆனால் அது தொழிற்சாலைச் சட்டம். மூட்டை தூக்குபவருக்கு லீவு போட்டால் கூலி கிடையாதே நண்பர்களே, அவர் எப்படி ஓய்வெடுப்பார்?