வாய்க்காலுக்கு மேற்கே ஒரு நாள்

எனக்குப் பழக்கமான பிரெஞ்சு அம்மையார் ஒருவர் நம் ஊரில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறார். அங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். என் பிரெஞ்சு துருப்பிடித்துவிடாமல் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். போன மார்கழியில் ஒரு நாள், “மிசே, வாய்க்காலைத் தாண்டி மார்க்கெட்டுக்குத் தவிர நான் எங்கும் போனதில்லை. ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவீர்களா?” என்று கேட்டார். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன்.

மேரி கட்டடத்தின் முன்னால் ஆரம்பித்தோம். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: நகராட்சிக் கட்டடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். 1950-இல் நான் பிறந்ததை என் தகப்பனார் போய் எழுதிவைத்தது அங்கேதான். 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்ததும், பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அம்மையார் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அழகாக இருக்கிறது, ஆனால் வயதில் என்னைவிடச் சின்னது” என்றார்.

அங்கிருந்து மேற்கே நடந்தோம். கோடு போட்டதுபோல நேராக ஓடும் தெருக்களைப் பார்த்து, எங்கள் நாட்டு இன்ஜினீயர்கள் கெட்டிக்காரர்கள் என்றார். நான் மறுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. 1693 முதல் 1699 வரை இந்த ஊர் ஒல்லாந்தர் கையில் இருந்தது. சதுரங்கக் கட்டம் மாதிரித் தெருப்போட்டு வரைபடம் தயாரித்தவர்கள் அவர்கள். ஜான் தெலோஷ் என்ற பிரெஞ்சு அறிஞர்தான் அந்தப் பழைய வரைபடங்களை ஆராய்ந்து இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பள்ளியில் பிரான்ஸ் தேசத்து நதிகளை வரிசையாக ஒப்பிக்கச் சொன்னார்களே தவிர, நாங்கள் நடந்துவந்த தெருவை யார் போட்டது என்று எவரும் சொல்லித்தரவில்லை.

பெரிய வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்குப் போனோம். கல்வே சுப்பராய செட்டி தெரு என்று பலகையில் இருக்கும். ஐரோப்பிய யூனியன் பண உதவியோடு இங்கே வீடுகளின் முகப்புகளைப் பழையபடி சீர்செய்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் பாராட்டும் கிடைத்தது. வெள்ளைக்காரர் வீடுகளில் உயரமான மதிலும் பெரிய கதவும்தான் தெருவைப் பார்க்கும். தோட்டம், அழகு எல்லாம் உள்ளே. நம் வீடு அப்படியில்லை. மரத்தூண் வைத்து ஓடு வேய்ந்த தாழ்வாரம் தெருவரைக்கும் இறங்கிவரும். அது வழிப்போக்கனுக்கு. அதையடுத்த திண்ணை வந்து போகிறவர்களுக்கு. அதற்கப்புறம்தான் கதவு, நடை, முற்றம். கட்டுகிறவன் தன் மனையில் ஒரு பகுதியை ஊருக்கு விட்டுவிட்டுத்தான் வீட்டையே ஆரம்பிப்பான். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள், ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்த பாட்டி, “நிக்கிறியே, வந்து உக்காரும்மா” என்று அம்மையாரைக் கூப்பிட்டு ஒரு சொம்பு தண்ணீரும் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் என் விளக்கத்துக்கு வேலையில்லை.

முன்னதாகவே அனுமதி கேட்டு வைத்திருந்ததால் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகைக்குள்ளும் போக முடிந்தது. துய்ப்ளேக்சின் துபாஷ், 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். 1738 வாக்கில் கட்டிய வீடு அது. கீழே முற்றத்தைச் சுற்றிச் செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள், முழுக்க நம் பாணி. மாடி ஏறினால் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தூண்கள், ஐரோப்பிய பாணி. பகலெல்லாம் பிரெஞ்சுக்காரரோடு பேசிவிட்டு வந்து, நடந்ததைத் தமிழில் எழுதிவைத்த மனுஷருக்கு வேறு எப்படி வீடு இருக்கும்? 1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். சில நாட்களிலேயே ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளையர் வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். கவர்னர் மாளிகை போயிற்று, துபாஷின் வீடு நிற்கிறது. அம்மையார் கீழே ஒரு மரத்தூணைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திரும்பும்போது, “உங்கள் வீடும் இந்தப் பக்கம்தானே? அதையும் காட்டுங்கள்” என்றார்.

தட்டிக்கழித்துப் பார்த்தேன், முடியவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மூன்று மாடி, கீழே செல்போன் கடை. 1994-இல் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது விற்றது. இடித்துக் கட்ட அனுமதி கேட்கும் மனுவை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தது. வீட்டில் குமாஸ்தா நான் ஒருவன்தானே. கட்டடம் பழுதடைந்து மனிதர் வசிக்கத் தகுதியற்ற நிலையில் உள்ளது என்று என் கையாலேயே எழுதினேன். அப்படியொன்றும் பழுதில்லை. மாடியில் ஒரு மூலையில் மழைக்கு ஒழுகும், அவ்வளவுதான். பொய்யென்று தெரிந்தே எழுதினேன், கையெழுத்தும் அழகாக விழுந்தது. இதை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

“தூண்களெல்லாம் என்ன ஆயின?” என்று கேட்டார்.

தாழ்வாரத்துத் தேக்குத்தூண் ஆறையும் பழைய சாமான் வியாபாரி ஒருவர் வண்டி வைத்து எடுத்துப்போனார் என்றேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, தாம் இருக்கும் வீட்டுப் பின்கட்டில் அந்த மாதிரி இரண்டு தூண்கள் இருப்பதாகவும், வீட்டுக்காரர் எங்கோ விலைக்கு வாங்கிவந்து நிறுத்தியவை என்றும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். நல்ல தேக்கு. எங்களுடையதுதானா என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் தூண் ஒன்றில் ஆள் உயரத்துக்குக் கீழே ஓர் ஆணி இருக்கும், பள்ளிக்கூடத்துப் பையை அதில்தான் மாட்டுவேன். இவற்றில் வார்னிஷ் தடிமனாகப் பூசியிருக்கிறது. ஆணித் துளை இருந்தாலும் அடைத்திருப்பார்கள்.

அம்மையார் காபி கொண்டுவந்து வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பா கோயில் பக்கம் போகலாம் என்று பேசிக்கொண்டோம்.