கூரைக்குள் மறைந்திருக்கும் மழைநீர்த் தாரை: நீளமான தகரம் எங்கே கிடைக்கும்? ஆர்டர் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை!

திண்டுக்கல் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஷீட் கூரை போட்டு, அது வெளியே தெரியாதபடி கைப்பிடிச் சுவர் எழுப்பும் வீடுகள், மண்டபங்கள், குடோன்கள் உண்டு. பார்க்க அழகுதான். ஆனா, கூரையில் விழும் தண்ணீர் எங்கே போகும்? சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே மறைவாக ஓடும் தகரத் தாரை வழியாகத்தான்.

சாதாரண தாரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வெளியே தொங்கும் தாரை அடைத்தால் தண்ணீர் வாசலில் கொட்டும். மறைவுத் தாரை அடைத்தால் வீட்டுக்குள் இறங்கும். ஓட்டு வீட்டு கூடல்வாயில் தகரம் ஓட்டையானால் என்ன ஆகுமோ, அதே கதைதான்.

எவ்வளவு தண்ணீர் வரும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் சுமார் 4,600 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 75 லிட்டருக்கு மேல். வடகிழக்குப் பருவமழையின் ஒரு வேகமான மழைக்குத் தாங்குமா என்று பார்த்தே அகலத்தை முடிவு செய்ய வேண்டும்.

நீளமான துண்டு எங்கே கிடைக்கும்?

ரெடிமேடாகக் கிடைப்பது அரிது. பட்டறைகளில் உள்ள பெண்டிங் மெஷின் பெரும்பாலும் 8 அல்லது 10 அடி நீளத்துக்குத்தான் மடிக்கும். அதைவிட நீளம் வேண்டுமென்றால், காயிலில் இருந்து நீளமாக வெட்டி மடிக்கும் பெரிய பட்டறைகளை மதுரை, கோவை போன்ற ஊர்களில் விசாரிக்கலாம். வண்டியையும் யோசிக்கணும்: 20 அடி துண்டை 'குட்டி யானை'யில் ஏற்ற முடியாது.

ஆர்டரில் எழுத வேண்டியவை

- அடி அகலம், இரு பக்க உயரம், விளிம்பு மடிப்பு. விரித்த அகலம் 4 அடிக்குள் இருந்தால் நீளவாக்கில் ஜாயின்ட் வராது.
- தகரத்தின் கனம், துத்தநாகப் பூச்சு. ஐஎஸ் 277 தரத்தில் 120, 275 கிராம் என அளவுகள் உண்டு. மறைவு இடத்துக்கு 275 நல்லது.
- சரிவு: 10 அடிக்கு 1 அங்குலம் என்பது நல்ல கணக்கு.

ஜாயின்ட்தான் சிக்கல்

40 அடி இரும்புத் தாரை, 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 4 மி.மீ. நீளும்; அலுமினியம் 8 மி.மீ. இரு முனையையும் சிமென்ட்டில் இறுக்கினால் ஜாயின்ட் பிளக்கும். மேட்டுப் பக்கத் துண்டு, பள்ளப் பக்கத் துண்டின் மேல் 6 அங்குலமாவது படிய வேண்டும். நடுவில் சீலன்ட், பிறகு ரிவெட்.

மறக்கக்கூடாத ஓட்டை

குழாய் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். கூடவே, தாரையின் உள்விளிம்பை விடத் தாழ்வாக கைப்பிடிச் சுவரில் ஒரு ஓவர்ஃப்ளோ ஓட்டை அவசியம். குழாய் அடைத்தாலும் தண்ணீர் வெளியே கொட்டும், வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடும்.

சீலிங் போடும் முன்...

குழாய் வாயையும் ஓவர்ஃப்ளோ ஓட்டையையும் அடைத்து, தாரையில் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கசிந்தால் அப்போதே சரிசெய்யலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், குழாயின் மறுமுனை சாக்கடைக்கு அல்ல, சேகரிப்புத் தொட்டிக்குப் போகட்டும். செப்டம்பர் கடைசியில் ஒருமுறை ஏறி இலை தழையை அள்ளிவிட்டால், ஐப்பசி மழைக்கு கவலை இல்லை.