கொடுமை என்னும் சொல்லும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும்

அடிபடாத மனைவியும் கொடுமைக்கு ஆளானவளே என்னும் கருத்து இந்தியச் சட்டமொழியில் எப்பொழுது இடம்பெற்றது என்று வினவின், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தைச் சுட்டுவோர் உளர். அதற்கு 66 ஆண்டுகள் முன்னரே முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அதனைத் தெளிவுறக் கூறியுள்ளது.

1867இல் புஸ்லூர் ரஹீம் – ஷம்சுன்னிசா பேகம் வழக்கில் பிரிவி கவுன்சில் ஆங்கிலச் சட்டத்தின் அளவுகோலையே நாடிற்று. உடல்நலத்திற்கோ உயிருக்கோ ஊறு செய்யும் வன்செயல் நிகழ்ந்திருத்தல் வேண்டும். அன்றேல் அது நிகழும் என்னும் தக்க அச்சமேனும் இருத்தல் வேண்டும். இதுவும் கணவன் தன்னுடன் வாழ வருமாறு தொடுக்கும் வழக்கில் மனைவிக்கு ஒரு தடுப்பாக நின்றதேயன்றி, மணத்தை முறிக்கும் வழியாகவில்லை. ஹனஃபி மரபில் அதற்கு இடமில்லை. ஆகவே, பஞ்சாபில் சில பெண்கள் மணத்தளையினின்று விடுபடவே இஸ்லாத்தைத் துறந்தனர். இந்நிலை கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ, 1930களின் தொடக்கத்தில், மாலிகி மரபின் தீர்வுகளைக் கைக்கொள்ளலாம் என எழுதினார். முஹம்மத் அஹ்மத் காஸ்மி 1936இல் கொணர்ந்த மசோதா 1939 மார்ச்சு 17இல் சட்டமாயிற்று. மதம் துறத்தல் மட்டுமே மணத்தை முறிக்காது என்றும் அதன் நான்காம் பிரிவு விதித்தது. பழைய வாயிலை அடைத்துப் புதிய வாயிலைத் திறந்தது எனலாம்.

இரண்டாம் பிரிவின் எட்டாம் கூறே மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. அடிப்பதுடன், உடலைத் தீண்டாத கொடிய நடத்தையால் வாழ்வைத் துயராக்குவதும், மனைவியின் சொத்தை விற்றுவிடுவதும், சமயக் கடமைக்கு இடையூறு செய்வதும், பல மனைவியரைக் குர்ஆன் நெறிப்படி நிகராக நடத்தாமையும் அங்குக் கொடுமையாகின்றன. எலும்பு முறியும்வரை அவள் காத்திருக்க வேண்டுவதில்லை.

இக்கூறிலுள்ள, திரும்பத் திரும்ப அடித்தலைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை 'வழக்கமாக அடித்தல்' என்று பெயர்ப்பது இடர் தரும். வழக்கம் என்பது மரபையும் குறிக்குமாதலின், அடி ஏற்புடையது போன்ற தொனி நுழைந்துவிடும். 'தொடர்ந்து அடித்தல்' என்பதே பொருந்தும். 'வன்முறை' என்பதும் இங்குக் குறுகிய சொல்லே. அதில் வலிமையின் சாயல் மிகுதி. 'கொடுமை'யோ வளைவு என்னும் பொருளினின்று கிளைத்தது. கொடுங்கோலில் இன்றும் அக்கோணல் உண்டு. அறபில் தீங்கைக் குறிக்கும் 'ளரர்', அடித்தலைக் குறிக்கும் 'ளர்ப்' ஆகிய இரண்டும் ஒலியால் நெருங்கினும் வேர் வேறானவை. மாலிகியர் மணமுறிவுக்குக் கொண்டது முன்னதையே.

சொல்லின் விரிவு 1939உடன் நிற்கவில்லை. 1960இல் இத்வாரி – அஸ்கரி வழக்கில், இரண்டாம் மணம் முதல் மனைவிக்குக் கொடுமையன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பை அலகாபாத் உயர்நீதிமன்றம் கணவன்மேல் சுமத்தியது.