சிகாகோவில் எத்தனை பியானோ ட்யூனர்கள்? - கேஸ் இன்டர்வியூவின் கதை

கன்சல்டிங் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "ஒரு சிமென்ட் கம்பெனிக்கு லாபம் குறைஞ்சுகிட்டே வருது, ஏன்?" என்று ஒரு கேள்வி. கையில் ஒரு வெள்ளைத்தாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் இருக்காது. அரை மணி நேரம் சத்தம் போட்டு யோசிக்க வேண்டும். இதற்குப் பெயர் கேஸ் இன்டர்வியூ. சிமென்ட் மூட்டையைத் தூக்கிக்கூடப் பார்க்காத 22 வயசுப் பையனிடம் இதை ஏன் கேட்கிறார்கள்? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது மக்களே.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் மெக்கின்ஸி 1926-ல் தன் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடங்கியபோது, அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் அங்கே மதிப்பு. நாலு தொழிற்சாலை பார்த்தவர், நிர்வாகத்தில் தலை நரைத்தவர், இப்படி. நியாயம்தானே, ஒரு முதலாளிக்கு யோசனை சொல்லப் போகிறவருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டாமா? இன்டர்வியூவும் "இதுவரை என்ன செய்தீர்கள்?" என்பதைச் சுற்றியே இருக்கும்.

இதை மாற்றியவர் மார்வின் போவர். இவர் கதை சுவாரசியமானது. 1928-ல் ஹார்வர்டில் சட்டம் முடித்துவிட்டு, சொந்த ஊரான கிளீவ்லாந்தில் ஒரு பெரிய வக்கீல் நிறுவனத்தில் வேலை கேட்டார். மார்க் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனுஷன் விடவில்லை. ஹார்வர்டிலேயே எம்.பி.ஏ.வும் முடித்துவிட்டு 1930-ல் அதே நிறுவனத்துக்குள் நுழைந்தார். 1933-ல் மெக்கின்ஸிக்கு மாறி, 1950-லிருந்து 1967 வரை அதன் தலைவராக இருந்தார். (ஆலோசகர்கள் எல்லாரும் தொப்பி போட வேண்டும், காலை மறைக்கிற நீளமான சாக்ஸ் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னவரும் இவர்தான்!)

1953-ல் போவர் ஒரு முடிவெடுத்தார். அனுபவசாலிகளைத் தேடுவதை விட்டுவிட்டு, எம்.பி.ஏ. முடித்த இளைஞர்களை ஹார்வர்டிலிருந்து நேராக எடுப்பது என்று. அனுபவத்தைவிட, புதுப் பிரச்சினையைப் பிரித்துப் பார்க்கும் புத்திதான் முக்கியம் என்பது அவர் கட்சி. சரி, அந்தப் புத்தியை எப்படி அளப்பது? "என்ன செய்தாய்?" என்று கேட்டால் அந்தப் பையன் எதைச் சொல்வான், அவன் இன்னும் எதுவும் செய்யவே இல்லையே!

பதில் ஹார்வர்டு வகுப்பறையிலேயே இருந்தது. அங்கே 1920-களிலிருந்தே கேஸ் முறையில்தான் பாடம். ஒரு கம்பெனியின் நிஜப் பிரச்சினையைப் படித்துவிட்டு வர வேண்டும். பேராசிரியர் திடீரென்று ஒருவரைக் கைகாட்டி, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்பார். இதையே ஒரு மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து செய்தால் அதுதான் கேஸ் இன்டர்வியூ. 1961-ல் ஹார்வர்டு ஒத்துழைப்போடு ஆரம்பித்த அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்கும் இந்தக் கேஸ் முறை வந்தது.

கூடவே இன்னொரு வகைக் கேள்வியும் ஒட்டிக்கொண்டது. இயற்பியல் மேதை என்ரிகோ ஃபெர்மி, சிகாகோவில் எத்தனை பியானோ ட்யூனர்கள் இருப்பார்கள் என்று மாணவர்களைக் கேட்பார் என்று சொல்வார்கள். 1950-ல் சிகாகோ மக்கள் தொகை சுமார் 36 லட்சம். வீட்டுக்கு 4 பேர் என்றால் 9 லட்சம் வீடு. 20 வீட்டில் ஒன்றில் பியானோ என்று வைத்தால் 45,000. ஒவ்வொன்றையும் வருஷம் ஒருமுறை சரி செய்ய வேண்டும். ஒரு ஆள் வருஷத்துக்கு 1,000 பியானோ பார்த்தால் 45 பேர். விடை முக்கியமில்லை, போன வழிதான் முக்கியம்.

புதுக் கதவு திறந்தாலும் பழைய பூட்டு உடனே போய்விடவில்லை. 1973-ல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த ரஜத் குப்தா என்ற ஐ.ஐ.டி. மாணவரை, வேலை அனுபவம் போதாது என்று மெக்கின்ஸி நிராகரித்தது. வால்டர் சால்மன் என்ற பேராசிரியர் நியூயார்க் அலுவலகத் தலைவருக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் முடிவு மாறியது. அதே குப்தா 1994-ல் அந்த நிறுவனத்தின் உலகத் தலைவரானார். (2012-ல் பங்குச்சந்தை வழக்கில் தண்டனை பெற்றது வேறு கதை.) எனக்கு உறுத்துவது அந்தக் கடிதம்தான். எழுதிக் கொடுக்கப் பேராசிரியர் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்?

கேஸ் இன்டர்வியூவை வெறும் சடங்கு என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாரிடமும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று முறைப்படி நடக்கிற இன்டர்வியூ, சும்மா அரட்டை அடிக்கிற இன்டர்வியூவைவிட நன்றாகக் கணிக்கும் என்று ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998-ல் காட்டினார்கள். 2022-ல் சாக்கெட் குழு மறுபடி கணக்குப் போட்டபோதும் அதற்கு முன்வரிசை இடம்தான்.

பிரச்சினை எங்கே என்றால், யோசிப்பதையும் மனப்பாடம் செய்யலாம் என்று மாணவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்! 1990-களில் இதற்கென்றே கைடுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. வருமானம், செலவு என்று மரக்கிளை மாதிரி பிரித்து எழுதும் சட்டகங்கள், நண்பர்களோடு மாதக்கணக்கில் ஒத்திகை. லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் இப்படி ஆள் எடுப்பவர்கள் 120 பேரிடம் பேசி 2015-ல் 'பெடிக்ரீ' என்ற புத்தகம் எழுதினார். கேஸுக்கென்று தனி மொழியே இருக்கிறது, அதைப் பெரிய கல்லூரிக்காரர்கள் உள்ளே இருக்கும் சீனியர்களிடமிருந்து கற்றுக்கொண்டு வருகிறார்கள், மற்றவர்களுக்கு அந்த மொழி இருப்பதே தெரிவதில்லை என்கிறார். போதாக்குறைக்கு, 'விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் இவரோடு நேரம் போகுமா?' என்றும் பார்த்தார்களாம். தன்னைப்போலவே படகு ஓட்டுபவரையும் பனிச்சறுக்குப் போகிறவரையும் பிடித்துப்போவது அங்கேதான்.

2020-ஐ ஒட்டி மெக்கின்ஸி, முதல் சுற்றிலிருந்த எழுத்துத் தேர்வை எடுத்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைக் கொண்டுவந்தது. விலங்குகளையும் தாவரங்களையும் சேர்த்து, ஒன்றையொன்று தின்று எல்லாம் பிழைத்திருக்கிற மாதிரி ஓர் உலகத்தை அமைக்க வேண்டும். தயாரித்துக்கொண்டு வரவே முடியாத தேர்வு என்பதுதான் யோசனை. சீக்கிரமே அதற்கும் பயிற்சி வகுப்பு விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.