நாற்பது கெஜ ஓட்டமும் பாஸ் ரஷரும்

அமெரிக்கக் கால்பந்தில், குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை எட்டிப் பிடித்து வீழ்த்தும் பொறுப்பு பாஸ் ரஷருடையது. அவ்வாறு வீழ்த்துவது ‘சாக்’ எனப்படும். இந்த வீரர்களை எடைபோடும் அணிகள் நெடுங்காலமாக முதலில் பார்த்துவந்தது 40 கெஜ ஓட்டத்தின் நேரத்தை. ஆனால் அந்தத் தூரம் பாஸ் ரஷரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதல்ல. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் முதல் பயிற்சியாளரான பால் பிரவுன் அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பது பரவலான கூற்று. உதைத்து அனுப்பப்படும் ‘பன்ட்’ பந்து ஏறத்தாழ 40 கெஜம் பறக்கும். அது இறங்கும் இடத்துக்கு யார் விரைவாக ஓடிச் சேர்வார் என்பதே அவர் அறிய விரும்பியது.

பாஸ் ரஷரின் வேலை வேறு வகையானது. அவருக்கும் குவாட்டர்பேக்குக்கும் இடையே பெரும்பாலும் பத்து கெஜம்கூட இராது. வழியை மறித்து, 130 கிலோவுக்கும் மேல் எடையுள்ள ‘டாக்கிள்’ நிற்பார். ஏறத்தாழ மூன்று வினாடிக்குள் பந்து கையை விட்டுப் போய்விடும். பந்து அசைந்த கணத்தில் பாய்ந்து, டாக்கிளின் கைகளைத் தட்டிவிட்டு, தோளைத் தாழ்த்தி, வேகம் குறையாமல் உட்புறமாக வளைய வேண்டும். ஓட்டப்பந்தய வீரரின் உச்ச வேகம் வெளிப்படுவதற்கு முன்பே அங்கே எல்லாம் முடிந்துவிடும்.

1982ஆம் ஆண்டு இரண்டு வகையில் முக்கியமானது. சாக் எண்ணிக்கையை அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல் அதிகாரபூர்வமாகப் பதியத் தொடங்கியது அப்போதுதான். கல்லூரி வீரர்களை ஓரிடத்தில் திரட்டிச் சோதிக்கும் முகாம் ஃபுளோரிடாவின் டாம்பாவில் நடந்ததும் அதே ஆண்டு. தனித்தனியாக நடந்த முகாம்கள் 1985இல் ஒன்றாகி, 1987 முதல் இண்டியானாபொலிஸில் ‘கம்பைன்’ ஆக நிலைபெற்றன. அனைவரையும் ஒரே தளத்தில் ஓடவிட்டு ஒப்பிட முடிந்ததால் 40 கெஜ நேரத்தின் மதிப்பு ஏறியது.

அந்த மதிப்பு அளவுமீறியது என்பதை, அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் ‘டிராஃப்ட்’டின் பிந்தைய தேர்வுகள் காட்டின. 1995 கம்பைனுக்கென்றே பயிற்சி எடுத்து வந்த மைக் மமுலா 4.58 வினாடியில் ஓடினார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் வரிசையில் முன்னேறி அவரை 7ஆவதாக எடுத்தது. அவர் சேர்த்த சாக் மொத்தம் 31.5. வேகமும் உடல்வலுவும் ஒருங்கே கொண்டிருந்த வெர்னன் கோல்ஸ்டனை 2008இல் நியூயார்க் ஜெட்ஸ் 6ஆவதாக எடுத்தது. மூன்று பருவங்களில் ஒரு சாக்கும் இல்லை. மறுபுறம் டெரல் சக்ஸ். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2002இல் ஒரே பருவத்தில் 24 சாக் எடுத்தவர், ஓட்டத்தில் 4.8 வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டதால் 10ஆவது இடத்துக்கு இறங்கினார். பால்டிமோர் ரேவன்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2011இல் ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பெற்ற அவர், மொத்தம் 139 சாக்குடன் ஓய்வுபெற்றார். களத்தில் ஏற்கெனவே நிரூபித்துக் காட்டியதை ஓடுதளத்தின் கடிகாரத்துக்காகத் தள்ளிவைத்தது பெரிய பிழை.

வேகம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. 4.48இல் ஓடிய டுவைட் ஃப்ரீனி 125.5 சாக் எடுத்தார், 4.53இல் ஓடிய வான் மில்லரும் முன்னணியில் நின்றார். ஆனால் மில்லரின் நேரங்களில் கூடுதலாகப் பேசுவது ‘த்ரீ-கோன்’ சோதனையின் 6.70 வினாடி. மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்தோடும் அச்சோதனை, டாக்கிளைச் சுற்றிப் போகும் பாதைக்கு நெருக்கமானது. 2017இல் 30ஆவதாக எடுக்கப்பட்ட டி.ஜே. வாட் 40 கெஜத்துக்கு 4.69 வினாடி எடுத்தார், த்ரீ-கோனில் 6.79. 2021இல் அவர் 22.5 சாக் எடுத்து, ஒரு பருவத்துக்கான சாதனையைச் சமன்செய்தார்.

இதனால் 40 கெஜ ஓட்டத்தின் முதல் 10 கெஜ நேரம் தனியே கவனிக்கப்படுகிறது; புறப்படும் கணத்தின் பாய்ச்சலை அது காட்டும். எடையும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. ஏறத்தாழ 123 கிலோ எடையுடன் மைல்ஸ் கேரட் ஓடிய 4.64, மெலிந்த வீரர் ஒருவரின் அதே நேரத்துக்கு ஈடாகாது. முழு 40 கெஜ நேரம் உதவுவது, பந்துடன் தப்பி ஓடுபவரைப் பின்னாலிருந்து துரத்திப் பிடிக்கும் தருணங்களில்தான்.